கிளஸ்டர் நிறுவியாச்சு, இனி அதன் ஆரோக்கியத்தை எப்படிக் கண்காணிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல கணினிகளை இணைத்து ஒன்றாக இயக்கும் கிளஸ்டரை ரேக்கில் ஏற்றி, லினக்ஸ் போட்டு, முதல் ஜாப் (பயனர் தரும் கணக்கு வேலை) ஓடி முடிந்ததும் நிறுவல் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு புதிய நிர்வாகிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். நிர்வாகத்துக்கான ஒரு ஹெட் நோடு (நோடு என்றால் கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி), ஜாப்களை ஓட்டும் சில பத்து முதல் சில நூறு வரை கம்ப்யூட் நோடுகள், பொதுச் சேமிப்பு, வேலையைப் பங்கிட ஸ்லர்ம் என்ற ஷெட்யூலர் ஆகியவை கொண்ட கிளஸ்டரை மனத்தில் வைத்து எழுதியது. வேறு ஷெட்யூலர் வைத்திருந்தால் கட்டளைகள் மாறும், கோளாறுகள் பெரும்பாலும் இவைதான்.

1. எல்லா நோடும் பிங் ஆகுது. அது போதாதா?

போதாது. பிங் என்பது வலை வழியாக 'இருக்கிறாயா' என்று கேட்பது, அதற்குப் பதில் சொல்வது இயங்குதளத்தின் மையமான கெர்னல் மட்டும்தான். ரூட் டிஸ்க் பழுதாகி 'படிக்க மட்டும்' நிலைக்குப் போன நோடு, பொதுச் சேமிப்பு கழன்றுபோன நோடு, பாதி மெமரி காணாமல்போன நோடு எல்லாமே பிங்குக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும்.

முழுதாகச் செத்த நோடால் பெரிய தொல்லை இல்லை, ஷெட்யூலர் அதை ஒதுக்கிவிடும். பாதி செத்த நோடுதான் ஆபத்து. ஸ்கிராட்ச் (ஜாப்களின் தற்காலிகச் சேமிப்பு) மவுன்ட் ஆகாத, அதாவது இணைக்கப்படாத, ஒரு நோடை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போகிற ஜாப் இரண்டே நொடியில் தோற்றுவிடும். நோடு உடனே காலியாகும், ஷெட்யூலர் அடுத்த ஜாப்பை அங்கேயே அனுப்பும், அதுவும் தோற்கும். ராத்திரி வரிசையில் நின்ற நூற்றுக்கணக்கான ஜாப்களை அந்த ஒரே நோடு காலைக்குள் விழுங்கிவிடும். 'ஒரே நோடில் பத்து நிமிடத்துக்குள் 5 ஜாப்கள் 30 நொடிக்கும் குறைவாக ஓடித் தோற்றால் சொல்' என்று ஒரு விதி போடுங்கள். அதற்கான தரவு ஸ்லர்மின் கணக்குப் பதிவிலேயே இருக்கிறது.

2. எதையெல்லாம் பார்க்கணும்? கேட்டா நூறு விஷயம் சொல்றாங்க.

நூறையும் சேகரிக்கலாம், அலர்ட் வைப்பது பத்துப் பதினைந்துக்குப் போதும். கீழிருந்து மேலே போங்கள். முதலில் அறை: உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், மின்சாரம், யுபிஎஸ். அடுத்து வன்பொருள்: மின்விசிறி, பவர் சப்ளை, மெமரி பிழைகள், டிஸ்க். பிறகு வலை: லிங்க்கின் வேகம், அகலம், பிழை எண்ணிக்கை. அதற்கு மேல் இயங்குதளம்: மவுன்ட்கள், நேரம், ரூட் பார்ட்டிஷனில் இடமும் ஐநோடும் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று செலவாகும் பதிவு). ஐநோடைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இடம் பாதி காலியாக இருக்கும்போதே சின்னச் சின்ன ஃபைல்களால் ஐநோடு தீர்ந்து, 'டிஸ்க்கில் இடமில்லை' என்ற பிழை வரும்.

கடைசியாக ஷெட்யூலர் சேவைகளும், ஜாப்கள் முடிகிற விதமும். இந்த மேல் அடுக்கைத்தான் அதிகம்பேர் விட்டுவிடுகிறார்கள். பயனருக்குத் தெரிவது அது ஒன்றுதான்.

3. 'பேஸ்லைன் எடு'ன்னு சொல்றாங்களே, எப்ப எடுக்கணும், எப்படி?

பேஸ்லைன் என்றால் நல்ல நிலையில் எடுத்து வைக்கும் ஒப்பீட்டு அளவு. அதைப் பயனர்களை உள்ளே விடுவதற்கு முன்பு எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கிளஸ்டர் முழுவதும் சும்மா இருக்கும் நேரம் கிடைக்காது. முதலில் எல்லா நோடுகளையும் 24 முதல் 72 மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டுங்கள். புதிய வன்பொருளில் பலவீனமானவை பெரும்பாலும் தொடக்கத்திலேயே விழும். அவை உங்கள் சோதனையில் விழட்டும், பயனரின் ஜாப்பில் வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு நோடிலும் தனித்தனியாக ஹெச்பிஎல் என்ற கணக்கு வேகச் சோதனையை ஓட்டி ஜிகாஃபிளாப்ஸ் கணக்கையும், ஸ்ட்ரீம் என்ற மெமரிச் சோதனையை ஓட்டி மெமரி அலைவரிசையையும் குறித்துவையுங்கள். நோடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வலையின் வேகத்தையும் தாமதத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஒரே மாதிரி வன்பொருளில் நோடுக்கு நோடு ஓரிரு சதவீத வேறுபாடு இயல்பு. 5 சதவீதம் பின்தங்கினால் காரணம் தேடுங்கள். பயாஸ் அமைப்பு மாறியிருக்கலாம், ஒரு மெமரி சேனல் காலியாக இருக்கலாம், ஹீட் சிங்க் சரியாக உட்காராமல் இருக்கலாம்.

எண்களோடு பயாஸ் பதிப்பு, ஃபர்ம்வேர் பதிப்பு, டிம் (மெமரிப் பட்டை) வரிசை எண், கெர்னல் பதிப்பு ஆகியவற்றையும் ஒரே ஃபைலில் சேமியுங்கள். ஆறு மாதம் கழித்து 'இது முன்பும் இப்படித்தானா?' என்று கேட்கும்போது இந்த ஃபைல் ஒன்றுதான் பதில் சொல்லும்.

4. பிரோமிதியஸா, நாகியோஸா, கேங்லியாவா? எதைப் போடலாம்?

இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை அளவுகளைச் சேகரிக்க பிரோமிதியஸ், படம் வரைய கிராஃபானா. ஒவ்வொரு நோடிலும் அளவு எடுக்கும் ஏஜென்ட்டான நோட் எக்ஸ்போர்ட்டர் ஓடும், அதன் போர்ட் 9100. மையத்தில் உள்ள பிரோமிதியஸ் 9090-இல் உட்கார்ந்துகொண்டு எல்லோரிடமும் போய் எண்களை இழுத்துவரும். அலர்ட்டைப் பிரித்து அனுப்புவது அலர்ட்மேனேஜர். ஜிபியு இருந்தால் அதன் அளவுகளைத் தரும் என்விடியாவின் டிசிஜிஎம் எக்ஸ்போர்ட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேங்லியா கிளஸ்டர்களுக்கென்றே பெர்க்லியில் பிறந்தது, பழைய இடங்களில் இன்னும் ஓடுகிறது. ஓடிக்கொண்டிருந்தால் பிடுங்கி எறிய அவசரமில்லை. நாகியோஸ் 'இருக்கா, இல்லையா' என்ற சோதனைக்கு நல்லது, காலப்போக்கில் எண் எப்படி நகர்கிறது என்று பார்க்க அவ்வளவு வசதியில்லை. கருவியைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் விவாதிப்பதைவிட, எதையாவது போட்டுவிட்டு 3-ஆம் பதிலில் உள்ள பேஸ்லைனை எடுப்பது மேல்.

5. எத்தனை நொடிக்கு ஒருமுறை அளக்கணும்? டிஸ்க் ரொம்பிடாதா?

பொதுவான அளவுகளுக்கு 30 அல்லது 60 நொடி. டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் விவரத்தை மணிக்கு ஒருமுறையும், பிஎம்சி (போர்டில் தனியாக இயங்கி வன்பொருளைக் கண்காணிக்கும் சிறு கணினி) சென்சார்களை ஒரு நிமிடத்துக்கு ஒருமுறையும் எடுத்தால் போதும். சில பிஎம்சிகள் மெதுவானவை, பத்து நொடிக்கு ஒருமுறை கேட்டால் பதில் சொல்வதையே நிறுத்திவிடும்.

கணக்கு எளிது. 100 நோடு, நோடுக்கு 1000 அளவுகள், 30 நொடிக்கு ஒருமுறை என்றால் நொடிக்குச் சுமார் 3,300 மாதிரிகள். பிரோமிதியஸ் ஒரு மாதிரியை ஒன்று முதல் இரண்டு பைட்டுக்குள் சுருக்கிவிடும். இரண்டு பைட் என்றே வைத்தாலும் நாளைக்கு 576 எம்பி, வருடத்துக்குச் சுமார் 210 ஜிபி. ஒரு சாதாரண எஸ்எஸ்டி தாங்கும். அதன் இயல்பு அமைப்பில் 15 நாள் தரவு மட்டுமே தங்கும் என்பதைக் கவனித்து, முதல் நாளே அதை ஒரு வருடமாக மாற்றிவிடுங்கள்.

டிஸ்க்கும் மெமரியும் உண்மையில் வெடிப்பது வேறு இடத்தில். ஜாப் எண்ணை, அளவுகளைப் பிரித்துக் காட்டும் லேபிளாகப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு ஜாப்பும் ஒரு புதிய தொடரை உருவாக்கும், லட்சம் ஜாப் ஓடியதும் பிரோமிதியஸ் மெமரி போதாமல் விழும். ஜாப் விவரம் ஸ்லர்மின் தரவுத்தளத்தில் இருக்கட்டும், நேரத்தை வைத்து இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம்.

6. ஏஜென்ட் ஓடினா ஜாப் மெதுவாகாதா?

ஒரு நோடில் ஓடும் ஜாப்புக்குக் கவனிக்கத்தக்க பாதிப்பு இல்லை. பல நோடுகளில் ஒன்றோடொன்று செய்தி பரிமாறி, அடிக்கு அடி சேர்ந்து ஓடும் எம்பிஐ ஜாப்புக்குத்தான் கவலை. ஒவ்வொரு படியிலும் எல்லோரும் கடைசி ஆளுக்காகக் காத்திருப்பார்கள், ஆகவே எங்கோ ஒரு நோடில் எழும் சின்ன இடைஞ்சல் எல்லோர் நேரத்தையும் தின்னும். லாஸ் அலமோஸில் இருந்த ஆஸ்கி க்யூ கணினியைப் பற்றி 2003-இல் வெளியான ஆய்வு இதற்குப் பெயர்போன உதாரணம். காணாமல்போன வேகத்துக்குக் காரணம் பின்னணியில் ஓடிய சிறு சிறு கணினிப் பணிகள்தான் என்று அங்கே கண்டுபிடித்தார்கள்.

ஆகவே ஏஜென்ட்டில் தேவையில்லாத கலெக்டர்களை (ஒவ்வொரு வகை அளவையும் எடுக்கும் பகுதிகளை) அணைத்துவிடுங்கள். நோடுக்கு ஒரு கோரை இயங்குதளத்துக்கென்று ஒதுக்கி ஏஜென்ட்டை அதில் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. குறித்த நேரத்தில் தானாக ஓட கிரானில் போட்ட கனமான ஸ்கிரிப்டுகள்தான் ஏஜென்ட்டைவிடப் பெரிய குற்றவாளிகள், முதலில் அவற்றைப் பாருங்கள்.

7. டெம்பரேச்சர் எவ்வளவு போனா பயப்படணும்?

குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை, சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது. அறையின் நடுவில் மாட்டிய வெப்பமானியை நம்பாதீர்கள். ஒவ்வொரு நோடின் முன்பக்க சென்சாரையும் எடுங்கள். ரேக்கின் மேல்தட்டு எப்போதும் சூடாக இருந்தால், காலி இடங்களில் மூடித் தகடு போடவில்லை, பின்பக்கச் சூடான காற்று முன்னால் சுற்றி வருகிறது என்று பொருள்.

சிபியு வெப்பத்துக்கு ஒரே ஒரு எல்லை வைப்பதைவிட, ஒரே சுமையில் அக்கம்பக்க நோடுகளோடு ஒப்பிடுவது அதிகம் சொல்லும். எல்லாம் 70-இல் இருக்க ஒன்று மட்டும் 85 காட்டினால் மின்விசிறியையோ தெர்மல் பேஸ்ட்டையோ பாருங்கள். அது இன்னும் எந்த எச்சரிக்கை எல்லையையும் தொட்டிருக்காது.

குளிரூட்டி நின்றால் நிறைந்த ரேக் நிமிடங்களில் சூடேறும், மனிதர் வந்து சேர நேரம் இருக்காது. தானாக அணைக்கும் ஸ்கிரிப்ட் வேண்டும். 32 டிகிரியில் புது ஜாப்களை நிறுத்திச் சும்மா இருக்கும் நோடுகளை அணைப்பது, 36-இல் எல்லாக் கம்ப்யூட் நோடுகளையும் அணைப்பது, சேமிப்பும் ஹெட் நோடும் கடைசியில். இந்த எண்களை உங்கள் சர்வரின் கையேட்டில் உள்ள எல்லைக்குக் கீழே வையுங்கள். பல சென்சார்கள் ஒரே நேரத்தில் சொன்னால்தான் அணைக்க வேண்டும், ஒரு பழுதான சென்சார் கிளஸ்டரையே வீழ்த்திவிடக் கூடாது.

8. பிஎம்சி லாக்கை யாராவது பார்ப்பாங்களா என்ன?

பார்க்க வேண்டும். நோடு உறைந்து இயங்குதள லாக்கில் ஒரு வரிகூட எழுதாமல் செத்தாலும், பிஎம்சியின் நிகழ்வுப் பதிவான எஸ்இஎல்-இல் காரணம் இருக்கும். பிஎம்சியோடு பேச உதவும் ஐபிஎம்ஐடூல் அல்லது ரெட்ஃபிஷ் வழியாகத் தினமும் இழுத்து மையத்தில் சேமித்துவிட்டு, அங்கே காலிசெய்யுங்கள். பதிவின் இடம் சிறியது. பல சர்வர்களில் அது நிறைந்ததும் புது நிகழ்வுகள் பதிவாவதே நின்றுபோகும். விபத்து நடந்த நாளில் போய்ப் பார்த்தால் இரண்டு வருடத்துக்கு முந்தைய பவர் கேபிள் விவகாரம் மட்டும் நிறைந்து கிடக்கும்.

பிஎம்சிகளைத் தனி வலையில் வைத்து, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

9. 'கரெக்டட் மெமரி எரர்'னு வருது. சரிபண்ணிடுச்சுல்ல, விட்டுடலாமா?

ஒன்றிரண்டு என்றால் விடலாம். ஒரே டிம்மில் கூடிக்கொண்டே போனால் விடக் கூடாது. கூகுள் தன் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் அதிகமான டிம்களில் திருத்தக்கூடிய பிழை வந்திருந்தது. அப்படிப் பிழை வந்த டிம்மில் திருத்த முடியாத பிழை வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. நாங்கள் சொல்லும் எல்லை: ஒரே டிம்மில் ஒரு நாளில் நூறைத் தாண்டினால் அந்த நோடை டிரெய்ன் செய்து (புது ஜாப் வராமல் ஒதுக்கி) டிம்மை மாற்றுங்கள். திருத்த முடியாத பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் உடனே டிரெய்ன்.

எண்ணிக்கையை லினக்ஸில் மெமரிப் பிழைகளை எண்ணும் ஈடாக் கவுண்டர்களிலோ ராஸ்டீமன் என்ற சேவை வழியாகவோ பார்க்கலாம். சில சர்வர்களில் ஃபர்ம்வேரே பிழையை முதலில் கையாண்டு இயங்குதளத்துக்குச் சொல்லாமல் விட்டுவிடும். அங்கே ஈடாக் பூஜ்ஜியம் காட்டும், எஸ்இஎல்-இல் மட்டும் பிழை இருக்கும். அந்த மாதிரி சர்வரில் பிழை வெள்ளமாக வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஃபர்ம்வேர் சிபியுவைப் பிடுங்கிக்கொள்வதால் நோடே மெதுவாகும்.

மாற்றும் முன் டிம்மை வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். பிழை டிம்மோடு போனால் டிம் பழுது. பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் ஸ்லாட் அல்லது சிபியு சாக்கெட் பழுது.

10. ஸ்மார்ட் 'பாஸ்'னு சொல்லுச்சு, மறுநாளே டிஸ்க் போயிடுச்சு. எப்படி?

'பாஸ்' என்றால் தயாரிப்பாளர் வைத்த மிகத் தளர்வான எல்லையைத் தாண்டவில்லை என்று மட்டுமே பொருள். உள்ளே உள்ள எண்களைப் பாருங்கள். ஒவ்வொரு அளவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு: 5 என்பது பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், 197 ஒதுக்கக் காத்திருப்பவை, 198 படிக்கவே முடியாதவை. இவை பூஜ்ஜியத்திலிருந்து நகர்ந்து ஏறத் தொடங்கினால் மாற்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடுங்கள். 199 ஏறினால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் மிச்சமுள்ள உபரி இடம், தேய்மான சதவீதம், மீடியா பிழைகள் ஆகிய மூன்றும் போதும்.

எல்லா எண்ணும் சுத்தமாக இருந்தும் டிஸ்க் சாகலாம். கூகுள் 2007-இல் வெளியிட்ட டிஸ்க் ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றுகூடத் தென்படவில்லை. ஸ்மார்ட்டை நம்பி பேக்கப்பைக் குறைக்காதீர்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கன்ட்ரோலர் இருந்தால் அதன் பேட்டரியையும் கவனியுங்கள். பேட்டரி போனால் எழுதும் கேஷை அது தானே அணைத்துவிடும், சேமிப்பு திடீரென்று மெதுவாகும், டிஸ்க்குகள் எல்லாமே நன்றாக இருப்பதாகக் காட்டும்.

11. ஸ்லர்ம்ல டவுன், டிரெய்ன், நட்சத்திரக் குறி... என்ன வித்தியாசம்?

டிரெய்ன் என்றால் 'ஓடுவதை முடிக்க விடு, புதிதாக எதையும் தராதே'. பெரும்பாலும் நிர்வாகியோ சோதனை ஸ்கிரிப்டோ போட்ட நிலை. டவுன் என்றால் ஸ்லர்ம் அந்த நோடைப் பயன்படுத்தவே முடியாது என்று முடிவுசெய்துவிட்டது. நிலைக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் நோடு இப்போது பதில் சொல்லவில்லை. இயல்பு அமைப்பில் 300 நொடி வரை பதில் இல்லாவிட்டால் அது டவுன் ஆகும்.

'எஸ்இன்ஃபோ' கட்டளையைப் பெரிய ஆர் தெரிவுடன் ஓட்டினால் ஒவ்வொரு நோடும் ஏன் ஒதுக்கப்பட்டது, யார் ஒதுக்கினார், எப்போது என்று வரும். ஆகவே கையால் டிரெய்ன் போடும்போது காரணத்தை உருப்படியாக எழுதுங்கள். 'டெஸ்ட்' என்று எழுதி வைத்த நோடு மாதக்கணக்கில் சும்மா நிற்கும், எழுதியவருக்கே ஞாபகம் இருக்காது.

12. கெட்ட நோடு தானாகவே விலகிக்கிற மாதிரி எப்படிப் பண்றது?

ஸ்லர்மின் அமைப்புக் கோப்பில் ஹெல்த்செக்புரோகிராம் என்ற வரியில் ஒரு ஸ்கிரிப்டைச் சொல்லி, ஹெல்த்செக்இன்டர்வல் வரியில் 300 நொடி கொடுங்கள். இயல்பாக அது பூஜ்ஜியம், அதாவது ஓடவே ஓடாது. இந்த இரண்டாவது வரியை மறந்துவிட்டு 'ஸ்கிரிப்ட் வேலை செய்யல' என்பவர்கள் நிறைய. ஸ்கிரிப்டை நீங்களே எழுதலாம், அல்லது லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திலிருந்து வந்த என்ஹெச்சி என்ற நோடு சோதனைத் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம்.

மவுன்ட்கள் இருக்கின்றனவா, அவற்றில் எழுத முடிகிறதா, மெமரி அளவும் கோர் எண்ணிக்கையும் சரியா, நோடுகளை இணைக்கும் அதிவேக வலையான இன்ஃபினிபேண்டின் போர்ட் சரியான வேகத்தில் இருக்கிறதா, ஜிபியு எண்ணிக்கை குறையவில்லையா, ரூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா என்று பார்த்தால் 1-ஆம் பதிலில் சொன்ன விழுங்கி நோடுகளில் பெரும்பாலானவை சிக்கிவிடும். தோற்றால் நோடைக் காரணத்தோடு டிரெய்ன் செய்ய வேண்டும், கொல்லக் கூடாது. ஓடும் ஜாப் ஒருவேளை நல்லபடியாக முடியலாம். இதே சோதனையின் சுருக்கமான வடிவத்தை ஜாப் தொடங்கும் முன் ஓடும் புரோலாக்கிலும் வையுங்கள். புரோலாக் தோற்றால் ஸ்லர்மே நோடை டிரெய்ன் செய்து ஜாப்பை வரிசைக்குத் திருப்பிவிடும்.

13. அந்தச் சோதனை ஸ்கிரிப்ட்டே தொங்கிடுதே?

வலை வழியாகப் பொதுச் சேமிப்பைத் தரும் என்எஃப்எஸ் சர்வர் பதில் சொல்லாதபோது மவுன்ட்டைத் தொடுகிற எந்தக் கட்டளையும் நின்றுவிடும், டிஸ்க் இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' உட்பட. 60 நொடியில் முடியாத ஹெல்த்செக் ஸ்கிரிப்டை ஸ்லர்ம் கொன்றுவிடும், நோடு டிரெய்ன் ஆகாமல் அப்படியே இருக்கும். எது கெட்டிருக்கிறதோ அதைச் சோதிக்கும்போதே சோதனை செத்துப்போகிறது.

ஒவ்வொரு மவுன்ட் சோதனையையும் 10 நொடி டைம்அவுட்டோடு தனிச் செயலாக்கமாகப் பின்னணியில் ஓட்டுங்கள். முதன்மை ஸ்கிரிப்ட் அதன் முடிவுக்காகக் காத்துக் கிடக்காமல், 'பதில் வரவில்லை' என்பதையே தோல்வியாக எடுத்துக்கொள்ளட்டும். முந்தைய சோதனை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் புதிதாக ஒன்றைத் தொடங்கக் கூடாது, ஒரு பூட்டு ஃபைல் வைத்துத் தடுங்கள்.

14. லோட் ஆவரேஜ் 200 காட்டுது, ஆனா சிபியு சும்மா இருக்கு. எண்ணே தப்பா?

எண் சரிதான். லினக்ஸ் ஓடுகிற செயலாக்கங்களோடு, டிஸ்க்குக்கோ வலைச் சேமிப்புக்கோ எழுப்ப முடியாமல் காத்திருக்கும் செயலாக்கங்களையும் லோடில் சேர்க்கிறது. செயலாக்கங்களைக் காட்டும் 'பிஎஸ்' பட்டியலில் இப்படிக் காத்திருக்கும் டி நிலையில் உள்ளவற்றை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் முந்தைய பதிலில் சொன்ன சேமிப்புத் தொங்கல்தான். ஒரே நேரத்தில் பல நோடுகளில் லோடு ஏறினால் நோடுகளை விட்டுவிட்டுச் சேமிப்பு சர்வருக்குப் போங்கள்.

15. மதர்போர்டு மாத்தினோம். நோடு டிரெய்னிலேயே நிக்குது.

புதிய போர்டு தொழிற்சாலை பயாஸ் அமைப்போடு வந்திருக்கும். ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) அணைந்து எண்ணிக்கை குறைந்திருக்கலாம், அல்லது ஒரு டிம் சரியாக உட்காராமல் மெமரி குறைந்திருக்கலாம். அமைப்புக் கோப்பில் சொன்னதைவிட நோடு குறைவாகக் காட்டினால் ஸ்லர்ம் ஒதுக்கிவைக்கும், காரணமும் 'குறைந்த மெமரி' என்றோ 'குறைந்த கோர் எண்ணிக்கை' என்றோ எழுதியிருக்கும். நோடில் 'ஸ்லர்ம்டி' கட்டளையைப் பெரிய சி தெரிவுடன் ஓட்டினால் அது தன்னை எப்படிப் பார்க்கிறது என்ற வரியைத் தரும், கோப்பில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

ஒப்பிட்டதும் கோப்பைத் திருத்தி நோடின் கணக்கைச் சரிக்கட்டாதீர்கள். நோடைத் திருத்துங்கள். பிறகு 3-ஆம் பதிலில் சொன்ன ஹெச்பிஎல்லும் ஸ்ட்ரீமும் ஓட்டி, பழைய எண் வந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

16. நேத்து 4 மணி நேரம் ஓடின ஜாப் இன்னைக்கு 6 மணி நேரம் ஓடுது. அலர்ட் எல்லாம் பச்சை.

முதலில் இரண்டு நாளும் எந்தெந்த நோடுகளில் ஓடியது என்று கணக்குப் பதிவில் எடுங்கள். ஒரே நோடுகள் என்றால் பொதுச் சேமிப்பையும் வலை நெரிசலையும் சந்தேகப்படுங்கள், வேறு யாராவது லட்சக்கணக்கில் சின்ன ஃபைல் எழுதிக்கொண்டிருப்பார்கள். சேமிப்பு லஸ்டர் வகையாக இருந்தால் ஏதாவது ஓஎஸ்டி (தரவைப் பிரித்து வைக்கும் சேமிப்புப் பகுதி) 90 சதவீதத்தைத் தாண்டி நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வேறு நோடுகள் என்றால் அவற்றில் ஒரு மெதுவான நோடு இருக்கும். 6-ஆம் பதிலில் சொன்ன அதே காரணத்தால் ஒரு நோடு 30 சதவீதம் மெதுவானால் மொத்த ஜாப்பும் அந்த வேகத்துக்கே இறங்கும். ஜாப் ஓடும்போதே எல்லா நோடுகளின் சிபியு அதிர்வெண்ணையும் ஒரே படத்தில் வரையுங்கள். மற்றவை 2.8 ஜிகாஹெர்ட்ஸில் ஓட ஒன்று 1.2-இல் நின்றால், அது வெப்பத்தாலோ மின்வரம்பாலோ கழுத்து நெரிபடுகிறது. இரண்டு பவர் சப்ளையில் ஒன்று செத்தாலும் சில சர்வர்கள் இப்படித்தான் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதிர்வெண் சரியாக இருந்தால் அந்த நோடுகளில் தனித்தனியாக ஸ்ட்ரீம் ஓட்டி பேஸ்லைனோடு ஒப்பிடுங்கள், அதன் பிறகு வலை.

எதற்கும் அலர்ட் வராததற்குக் காரணம், எல்லா எல்லைகளும் 'செத்ததா' என்று கேட்கின்றன, 'மெதுவானதா' என்று எதுவும் கேட்பதில்லை. மாதம் ஒருமுறை காலியான நோடுகளில் ஐந்து நிமிட ஹெச்பிஎல் ஜாப் ஒன்றைத் தானாக ஓடவிட்டு, 5 சதவீதம் குறைந்தால் சொல்லச் செய்யுங்கள்.

17. இன்ஃபினிபேண்ட் கவுண்டர்ல எதைப் பார்க்கணும்?

முதலில் லிங்க்கின் அகலமும் வேகமும். நான்கு லேன் உள்ள லிங்க் ஒரே லேனில் எழுந்து நிற்பது உண்டு. எல்லாம் வேலை செய்யும், கால் பங்கு வேகத்தில். 'ஐபிலிங்க்இன்ஃபோ' அதைக் காட்டிக்கொடுக்கும். அடுத்து 'ஐபிகுவெரிஎரர்ஸ்' வழியாக சிம்பல் பிழை, லிங்க் விழுந்த எண்ணிக்கை, பெறுதல் பிழை ஆகிய மூன்று. நோடு ரீபூட் ஆனாலும் லிங்க் விழுந்த எண்ணிக்கை ஏறும், அதைக் கழித்துப் பாருங்கள். அனுப்பக் காத்திருந்த கணக்கு ஏறினால் அது நெரிசல், பழுது அல்ல.

இந்தப் பழைய பிழைக் கவுண்டர்கள் உச்சத்தைத் தொட்டதும் பூஜ்ஜியத்துக்குச் சுழலாது, அங்கேயே நின்றுவிடும். சிம்பல் பிழை 65,535-இலும், லிங்க் விழுந்தது 255-இலும் நிற்கும். நின்றுவிட்ட கவுண்டரில் 'ஏறவில்லை' என்பது நல்ல செய்தி அல்ல. வாரம் ஒருமுறை பதிந்துவிட்டு அழியுங்கள். ஹெச்டிஆர் போன்ற புதிய வேகங்களில் மூலப் பிழைகள் எப்போதும் கொஞ்சம் இருக்கும், திருத்தத்துக்குப் பிறகும் மிஞ்சுகிற பிழையை மட்டும் கணக்கில் எடுங்கள். சரிசெய்வது எளிது: கேபிளைக் கழற்றி முனையைச் சுத்தம்செய்து மாட்டுவது, பிறகு கேபிளை மாற்றுவது, அப்புறம்தான் கார்டு.

18. ஜிபியு நோடுல எக்ஸ்ஐடி எரர் வருது. கார்டு போச்சா?

எக்ஸ்ஐடி என்பது என்விடியா டிரைவர் லாக்கில் எழுதும் பிழை எண். எண்ணைப் பாருங்கள். 13, 31 வந்தால் பெரும்பாலும் பயனரின் நிரல் தவறான மெமரியைத் தொட்டிருக்கிறது, அவரிடம் சொல்லுங்கள். ஆனால் வெவ்வேறு பயனர்களுக்கு ஒரே கார்டில் திரும்பத் திரும்ப வந்தால் கார்டையும் சந்தேகப்படுங்கள். 48 திருத்த முடியாத மெமரிப் பிழை. 79 என்றால் கார்டு பஸ்ஸிலிருந்தே விழுந்துவிட்டது, அந்த நோடில் ரீபூட் இல்லாமல் வேலை ஆகாது, பவர் கேபிளையும் பொருத்தத்தையும் பாருங்கள். 63, 64 பழுதான மெமரி வரிகளை ஒதுக்குவது பற்றியவை. 63 ஒதுக்கிவிட்டேன் என்கிறது, கார்டை ரீசெட் செய்தால் போதும். 64 ஒதுக்க முடியவில்லை என்கிறது, கார்டை மாற்றுவதற்கான வேலையைத் தொடங்குங்கள்.

ரீபூட்டுக்குப் பிறகு டிசிஜிஎம்மின் கண்டறி சோதனையை ஓட்டுங்கள். 1-ஆம் நிலை நொடிகளில் முடியும், புரோலாக்கில்கூட வைக்கலாம். 3-ஆம் நிலை நீளமானது, பழுதுபார்த்த பிறகு ஓட்ட ஏற்றது.

19. மின்தடைக்குப் பிறகு சில நோடு மட்டும் ஸ்லர்ம்ல சேரவே மாட்டேங்குது. முஞ்ச் பிழைன்னு லாக்ல இருக்கு.

நேரத்தைப் பாருங்கள். நோடுகள் ஒன்றையொன்று நம்புவதற்கு ஸ்லர்ம் பயன்படுத்தும் முஞ்ச் சேவை தரும் அடையாளச் சீட்டுக்கு இயல்பான ஆயுள் 300 நொடி. நோடின் கடிகாரம் அதைவிட விலகினால் சீட்டு காலாவதி என்றோ எதிர்காலத்தது என்றோ நிராகரிக்கப்படும். போர்டின் காசு பேட்டரி தீர்ந்த நோடு, மின்சாரம் போய் வந்ததும் பழைய தேதியில் எழும். நேரத்தைச் சரிசெய்யும் க்ரோனியை ஸ்லர்முக்கு முன்பாகத் தொடங்கும்படி வைத்து, தொடக்கத்தில் எவ்வளவு விலகல் இருந்தாலும் ஒரே தாவலில் திருத்த அனுமதியுங்கள். அலர்ட்டை ஒரு நொடி விலகலிலேயே வையுங்கள், 300 வரை காத்திருக்க வேண்டாம்.

20. ஜாப் முடிஞ்சிருச்சு, யாரும் இல்லை, ஆனா மெமரி காலியாகல.

டெவ் அடைவுக்குள் உள்ள எஸ்ஹெச்எம்-ஐப் பாருங்கள். அது டிஸ்க் அல்ல, மெமரி. இயல்பாக மொத்த மெமரியில் பாதி வரை பிடிக்கலாம். பாதியில் செத்த ஜாப்கள் அங்கே ஃபைல்களை விட்டுவிட்டுப் போயிருக்கும். ஜாப் முடிந்ததும் ஓடும் எபிலாக் ஸ்கிரிப்டில், அந்தப் பயனருக்கு நோடில் வேறு ஜாப் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அவருடைய மிச்சச் செயலாக்கங்களையும் அங்குள்ள ஃபைல்களையும் டெம்ப் ஃபைல்களையும் அழியுங்கள். அந்த உறுதியைத் தவிர்த்தால் அவருடைய இன்னொரு ஜாப்பின் தரவை அழிப்பீர்கள்.

21. நாளைக்கு 300 அலர்ட் வருது. யாரும் படிக்கிறதே இல்லை.

படிக்காத அலர்ட் இல்லாததற்குச் சமம். ஒவ்வொரு விதியிடமும் கேளுங்கள்: இது வந்தால் யார், என்ன செய்வார்? பதில் இல்லை என்றால் அலர்ட்டை எடுத்துவிட்டு டாஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்ப்யூட் நோடு செத்ததற்கு ராத்திரி யாரையும் எழுப்ப வேண்டாம், ஸ்லர்ம் அதைத் தானே ஒதுக்கிவிடும், காலையில் பார்க்கலாம். எழுப்ப வேண்டியவை: சேமிப்பு, ஹெட் நோடு, குளிரூட்டல், பத்து சதவீத நோடுகள் ஒரே நேரத்தில் போவது.

சுவிட்ச் ஒன்று விழுந்தால் அதன் கீழுள்ள 40 நோடுகளும் தனித்தனியாகக் கத்தும். அலர்ட்மேனேஜரில் ரேக் வாரியாகக் குழுவாக்கி, சுவிட்ச் அலர்ட் வந்தால் நோடு அலர்ட்டுகளை அடக்கும் விதியைச் சேருங்கள். விதிகளில் 'ஐந்து நிமிடம் தொடர்ந்தால் மட்டும்' என்ற நிபந்தனையைப் போட்டாலே பாதிச் சத்தம் அடங்கும். பராமரிப்புக்கு டிரெய்ன் செய்த நோடுகள் அலர்ட் தரக் கூடாது.

22. கண்காணிக்கிற சர்வரே செத்துட்டா?

அமைதியாக இருக்கும், எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஆகவே எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஒரு அலர்ட்டை வைத்து, கிளஸ்டருக்கு வெளியே உள்ள ஒரு இடத்துக்கு நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். அது வராமல் நின்றால் வெளியிடம் உங்களுக்குச் சொல்லும். கண்காணிப்பு சர்வரை கிளஸ்டரின் பொதுச் சேமிப்பிலோ அதே யுபிஎஸ்ஸிலோ வைக்காதீர்கள். அலர்ட் மெயில் கிளஸ்டரின் ஹெட் நோடு வழியாகப் போகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பல இடங்களில் அப்படித்தான் போகிறது.

23. ரீபூட் பண்ணா சரியாயிடுது. திரும்பச் சேர்த்துடலாமா?

முதல் தடவை சேர்க்கலாம், ஆனால் ரீபூட்டுக்கு முன் எஸ்இஎல், கெர்னல் லாக், எக்ஸ்ஐடி மூன்றையும் எடுத்து வைத்துவிட்டு. ரீபூட் ஆதாரத்தை அழித்துவிடும். ஸ்லர்மில் ரிட்டர்ன்டுசர்வீஸ் மதிப்பு 2 என்று வைத்திருந்தால், டவுன் ஆன நோடு எழுந்ததும் காரணம் எதுவானாலும் தானே வேலைக்கு வந்துவிடும். 1 என்றால் பதில் சொல்லாமல் டவுன் ஆனது மட்டும் திரும்பும், எதிர்பாராமல் ரீபூட் ஆன நோடு உங்களுக்காகக் காத்திருக்கும். கோளாறு தெரியாத நிலையில் 1 பாதுகாப்பானது.

நோடு வாரியாக ஒரு குறிப்பேடு வையுங்கள்: தேதி, காரணம், செய்தது, மாற்றிய பாகத்தின் வரிசை எண். ஒரே நோடு 30 நாளில் மூன்று முறை வெவ்வேறு காரணத்துக்காக விலகினால் அவற்றைத் தனித்தனிக் கோளாறாகப் பார்க்காதீர்கள். இன்று மெமரி, நாளை ஜிபியு, மறுநாள் வலை என்று மாறி மாறி வந்தால் பொதுவாக இருக்கும் பவர் சப்ளையோ போர்டோதான் முதல் சந்தேகம். அந்த நோடைப் பயனர் பார்ட்டிஷனிலிருந்து (இங்கே பார்ட்டிஷன் என்றால் ஸ்லர்மில் நோடுகளின் குழு) எடுத்துச் சோதனைப் பார்ட்டிஷனில் போட்டு 48 மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டுங்கள். உத்தரவாதக் காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே குறிப்பேட்டைப் புரட்டி, இப்படிப்பட்ட நோடுகளை மொத்தமாகச் சேர்த்துச் சப்ளையரிடம் லாக்குகளோடு கொடுங்கள். 'சில சமயம் தொங்குது' என்று மட்டும் எழுதி அனுப்பினால் ரீபூட் செய்து பார்த்து அப்படியே திருப்பி அனுப்புவார்கள்.